99 ரூபாய்க்கு ஓட்டல் அறை: மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்கள்?

விடுமுறை நெருங்கினால் போதும், கைப்பேசியில் விளம்பரங்கள் வந்து விழும். "99 ரூபாய்க்கு அறை", "ஒரு ரூபாய்க்கு ஓர் இரவு", "மூன்று பகல், இரண்டு இரவு முற்றிலும் இலவசம்". பார்த்ததும் சிலர் ஏமாற்று வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். சிலர், போனால் 99 ரூபாய்தானே என்று உடனே பதிவு செய்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரமான முடிவு. இப்படிப்பட்ட அறைகளில் உண்மையாகவே தங்கி, நிம்மதியாக ஊர் திரும்பியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பெட்டியும் பிள்ளைகளுமாகச் சென்னை எழும்பூர் கென்னட் லேனில் வேறு லாட்ஜ் தேடி அலைந்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அதிர்ஷ்டம் மட்டும் நிற்கவில்லை. ஓர் அறையை ஓர் இரவு கொடுக்க ஓட்டலுக்குச் செலவு ஆகிறது. நீங்கள் 99 ரூபாய் கொடுத்தால் மீதியை வேறு யாரோ கொடுத்தாக வேண்டும். அது ஓட்டல் முதலாளியா, பதிவுத் தளமா, வங்கியா, சில மாதம் கழித்து நீங்களேவா? இது தெரிந்துவிட்டால் வரவேற்பு மேசையில் என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் வீட்டில் இருந்தபடியே கணித்துவிடலாம். அதனால்தான் முதன்முதலில் சலுகை அறை பதிவு செய்ய நினைப்பவர்களிடம் நான் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன்.

காலி அறையின் கணக்கு

ஓட்டல் அறை அன்றன்றைக்கு விற்றுத் தீர்க்க வேண்டிய சரக்கு. செவ்வாய்க்கிழமை இரவு காலியாகக் கிடந்த அறையைப் புதன்கிழமை இரண்டு தடவை விற்க முடியாது. ராத்திரி கடை கட்டும் நேரத்தில் பூக்காரம்மா மல்லியைப் பாதி விலைக்குக் கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

கட்டட வாடகை, கடன் வட்டி, ஊழியர் சம்பளம் எல்லாம் அறை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். கூடுதலாக ஒருவர் வந்து தங்கினால் புதிதாக ஏற்படும் செலவு கொஞ்சம்தான்: படுக்கை விரிப்புச் சலவை, சோப்பு, மின்சாரம், தண்ணீர், அறையைச் சுத்தம் செய்யும் வேலை. சென்னையில் கோடைக்காலத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் ஓட்டல் என்றால் இது இன்னும் சற்றுக் கூடும். எளிய லாட்ஜில் இவையெல்லாம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் காலியாகப் போட்டு வைப்பதைவிட லாபம். அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு விருந்தினரும் நஷ்டம். ஆகவே 1,800 ரூபாய் அறையை 900 ரூபாய்க்கு ஓட்டல் மனமுவந்து கொடுக்கலாம். 99 ரூபாய்க்கு அது தன் பணத்திலிருந்து கொடுக்கிறது என்றால் வேறு ஏதோ கணக்கு இருக்கிறது.

எந்த அறை எப்போது காலியாக இருக்கும் என்பதும் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை மாறும். சென்னையில் கிண்டியிலும் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையிலும் உள்ள ஓட்டல்கள் அலுவலக வேலையாக வருபவர்களை நம்பி இருப்பவை. திங்கள் முதல் வியாழன் வரை நிறைந்து, சனி, ஞாயிறில் காற்றாடும். கடலோர ஈசிஆர் சாலையும் மாமல்லபுரமும் நேர் எதிர்: வார இறுதியில் கூட்டம், செவ்வாய், புதனில் அமைதி. மார்கழியில் கச்சேரிக்காக வெளிநாட்டில் இருந்து வருபவர்களால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை பக்கம் அறை கிடைப்பதே கஷ்டம். முகூர்த்த நாளில் தி.நகர், வடபழனி லாட்ஜுகள் கல்யாண வீட்டாருக்கே போதாது. எனவே ஓஎம்ஆரில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதி விலை என்றால் நம்பலாம். வடபழனியில் வளர்பிறை முகூர்த்தத்தன்று 99 ரூபாய் என்றால் ஒரு போன் போட்டு உறுதி செய்யாமல் கிளம்ப வேண்டாம்.

ஓட்டலே கொடுக்கும்போது

அறையைக் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்து, மற்றவற்றுக்குக் காசு வாங்கும் முறையை மலிவு விமான நிறுவனங்களிடம் இருந்துதான் ஓட்டல்கள் கற்றுக்கொண்டன. 2005இல் லண்டன் கென்சிங்டனில் ஈஸிஓட்டல் தொடங்கியது. ஈஸிஜெட் விமான நிறுவனத்தைத் தொடங்கிய அதே ஸ்டெலியோஸ் ஹாஜி-இயோனோவின் யோசனை அது. சின்ன அறை, சில அறைகளுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. டிவி பார்க்கத் தனிக் காசு. 2007இல் கோலாலம்பூரில் டியூன் ஓட்டல் வந்தது. ஏர்ஏசியாவின் டோனி பெர்னாண்டஸ் தரப்பில் இருந்து வந்த முயற்சி. முன்கூட்டியே பதிவு செய்தால் 9.99 ரிங்கிட்டுக்கு அறை என்று விளம்பரம் செய்தார்கள். துண்டு வேண்டுமா, தனி. ஏசி வேண்டுமா, அதுவும் தனி.

சென்னையில் இருந்து கோலாலம்பூருக்கு மலிவு விமானத்தில் போய்வந்த நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இந்த மாதிரி ஓட்டல்தான் முதல் வெளிநாட்டு அறை. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். திருப்தியோடு திரும்பியவர்கள் வீட்டிலிருந்தே துண்டும் சோப்பும் கொண்டுபோனவர்களாக இருப்பார்கள். ராத்திரி படுக்க மட்டும் அறை வேண்டும் என்று தெரிந்து போனவர்கள். புழுங்குகிறதே என்று நள்ளிரவில் ஏசிக்குக் காசு கட்டி, காலையில் துண்டுக்கும் கட்டியவர்களுக்கு அந்த மலிவு அறை அவ்வளவு மலிவாகத் தெரிந்திருக்காது. இந்த முறையில் ஏமாற்று எதுவும் இல்லை. விலைப் பட்டியலில் எல்லாம் எழுதித்தான் இருக்கும். மீதிப் பணத்தை நீங்களே சில்லறை சில்லறையாகக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். எதைக் கட்டாமல் சமாளிக்க முடியும் என்று முன்பே யோசித்து வைப்பவருக்கு இது நல்ல பேரம்.

வரியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் தடுமாறும் இடம் அது. மலேசியாவில் 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். அறை வாடகை 1 ரிங்கிட்டாக இருந்தாலும் இந்த 10 ரிங்கிட் உண்டு. பெரும்பாலும் ஓட்டலில் நேரில்தான் வாங்குவார்கள். துபாயிலும் 2014 முதல் இதுபோல ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை, ஓட்டலின் தரத்தைப் பொறுத்து வசூலிக்கிறார்கள். நம் நாட்டில் ஜிஎஸ்டி. ஒருகாலத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரி இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கு போய், 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம்.

புதிதாகத் திறந்த ஓட்டல்கள் கொடுக்கும் அறிமுகச் சலுகையும் இந்த வகைதான். பெயர் பரவ வேண்டும், நாலு பேர் நல்லபடியாக எழுத வேண்டும் என்பதற்காக முதல் சில வாரங்களுக்கு அவர்களே கைக்காசைப் போட்டுக் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே நேர்மையான சலுகை இதுதான். புது மெத்தை, புதுக் குழாய், அக்கறையான கவனிப்பு. ஒரே சிக்கல், லிஃப்ட் வேலை முடிந்திருக்காது, பக்கத்து மாடியில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருப்பார்கள். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் லிஃப்ட் ஓடுகிறதா, வெந்நீர் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தளமும் வங்கியும் கொடுக்கும்போது

நாம் அடிக்கடி பார்ப்பது இந்த வகைதான். பதிவுத் தளத்துக்குப் புது வாடிக்கையாளர் வேண்டும். முதல் பதிவில் ஆயிரம் ரூபாய் விட்டுக்கொடுத்தால் அப்புறம் பத்து வருஷம் இவர் நம் செயலியைத்தான் திறப்பார் என்பது கணக்கு. வங்கிக்குத் தன் கார்டை நீங்கள் பயன்படுத்த வேண்டும், அதற்காக அதுவும் ஒரு பங்கைப் போடும். ஓட்டலுக்குப் போக வேண்டிய பணம் இந்த இரண்டு பேர் வழியாகப் போய்விடுகிறது. இங்கே நீங்கள் உண்மையாகவே மிச்சப்படுத்த முடியும். ஆனால் விளம்பரத்தில் பார்த்த எண்ணும் கடைசித் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். அறை வாடகை 1,800 ரூபாய். கூப்பனில் 1,200 கழிகிறது, கார்டு சலுகையில் 501. மீதி 99. விளம்பரம் இத்தோடு நின்றுவிடும். வரியைப் பல இடங்களில் கூப்பன் கழிப்பதற்கு முந்தைய வாடகைக்குத்தான் போடுவார்கள். 1,800க்கு 5 சதவீதம் என்றால் 90. தளத்தின் சேவைக் கட்டணம் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டுவது 339 ரூபாய். 1,800 ரூபாய் அறைக்கு 339 நல்ல விலைதான், சந்தேகமே இல்லை. 99 என்று மனதில் பதித்துக்கொண்டு போனால்தான் வருத்தம். இடையில் காப்பீடு, நன்கொடை என்று சின்னச் சின்னக் கட்டங்களில் முன்பே டிக் போடப்பட்டிருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படிக் கேட்காமல் சேர்ப்பதையும், கட்டணங்களைக் கடைசியில் ஒவ்வொன்றாகக் காட்டுவதையும், "இன்னும் ஒரே ஓர் அறைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும் தவறான வணிக உத்திகள் என்று பட்டியலிட்டிருக்கின்றன. மொத்தம் 13 வகை.

கேஷ்பேக் என்பது வேறு ரகம். "100 சதவீதம் திரும்பக் கிடைக்கும்" என்றால் அறை இலவசம் என்று பொருள் கொள்கிறோம். இப்போது 2,000 ரூபாய் கட்டுங்கள், அதே 2,000 செயலியில் உள்ள உங்கள் வாலட்டில் வந்து சேரும். சரி. ஆனால் ஒவ்வொரு பதிவிலும் பில் தொகையில் 10 சதவீதம் மட்டும் வாலட்டில் இருந்து கழிக்கலாம் என்று விதி இருந்தால், அந்த 2,000 முழுவதையும் தீர்க்க நீங்கள் 20,000 ரூபாய்க்கு அறை எடுக்க வேண்டும். அதற்கும் தொண்ணூறு நாள் கெடு. வருஷத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூர் போய்வரும் குடும்பத்துக்கு இந்தச் சலுகையின் மதிப்பு நூறு, இருநூறு ரூபாய்தான். மாதம் நாலு ஊர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிக்கு முழு 2,000.

ஓட்டல் குழுமங்களின் உறுப்பினர் புள்ளிகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அலுவலகச் செலவில் அடிக்கடி தங்குபவர்களுக்குப் புள்ளிகள் சேரும், அவற்றைக் கொடுத்து நட்சத்திர ஓட்டலில் ஓர் இரவு காசில்லாமல் தங்கலாம். மதிப்பை எடை போட எளிய வழி: அதே தேதிக்கு வரியோடு 9,000 ரூபாய் ஆகும் அறைக்கு 15,000 புள்ளி கேட்டால் ஒரு புள்ளி 60 காசு. இன்னொரு தேதியில் 30 காசுதான் வருகிறது என்றால் அன்றைக்குப் பணத்தைக் கட்டிவிட்டுப் புள்ளியைப் பத்திரமாக வையுங்கள். டிசம்பர் சீசன் மாதிரி பண விலை ஏறும் நாட்களில் புள்ளிக்கு நல்ல மதிப்பு கிடைப்பதுண்டு. ஆனால் இந்த ஓட்டலுக்கு இத்தனை புள்ளி என்ற நிலையான பட்டியல் இப்போது குறைந்துவருகிறது. மேரியட் ஓட்டல் குழுமம் 2022இல் அதைக் கைவிட்டு, தேவைக்கேற்பப் புள்ளியையும் ஏற்றி இறக்கத் தொடங்கியது.

இந்த வகைப் பதிவில் மிகப் பெரிய சங்கடம் வரவேற்பு மேசையில்தான் நடக்கும். எனக்கு நேர்ந்தது இது. பெரியமேட்டில் ஒரு சின்ன லாட்ஜ், மிகக் குறைந்த விலையில் உறுதியான பதிவு, பணமும் கட்டியாகிவிட்டது. மேசையில் இருந்தவர் தயங்கித் தயங்கி, "சார், தப்பா நெனைக்காதீங்க, இந்த ரேட்டு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவங்க எங்களைக் கேக்காம போட்டுட்டாங்க. நீங்க கேன்சல் பண்ணிட்டு நேரா குடுங்க, ரூம் தர்றேன்" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. மீதிப் பணத்தைத் தளம் கொடுக்கும் என்று நான் நினைத்தேன், தளம் அதை ஓட்டல் தலையில் வைத்திருந்தது. மீதியை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை மாறியதும் அறையும் கைநழுவிவிடுகிறது.

இப்படி நடந்தால் நீங்களாக ரத்து செய்யவே செய்யாதீர்கள். ரத்து செய்தது நீங்கள் என்று பதிவாகிவிட்டால் பணம் திரும்பாமல் போகலாம். அங்கேயே நின்று தளத்தின் உதவி எண்ணை அழைத்து, ஓட்டல் அறை தர மறுக்கிறது என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் முழுத் தொகையையும் திருப்பித் தருவார்கள், அல்லது பக்கத்தில் வேறு ஓட்டலுக்கு மாற்றுவார்கள். அவர்கள் அனுப்பும் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டல்காரர்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது தவறு. பதிவுத் தளங்கள் அறை வாடகையில் கணிசமான பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கின்றன. தங்கள் தளத்தில் உள்ள விலையைவிடக் குறைவாக வேறு எங்கும், சொந்த இணையதளத்தில்கூட, விற்கக் கூடாது என்று ஓட்டல்களைக் கட்டுப்படுத்தியது உட்படப் பல காரணங்களுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ பதிவுத் தளத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே உத்தரவில் ஓயோவுக்கு 168.88 கோடி. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நமக்கும் லாபம்: தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்கே நேராகப் போன் செய்து, "உங்ககிட்டயே பதிவு செஞ்சா எவ்வளவு?" என்று கேட்கலாம். கமிஷன் மிச்சமாகும் என்பதால் சின்ன ஓட்டல்கள் பெரும்பாலும் இறங்கி வரும். போகும் உத்தேசமே இல்லாமல், இலவசமாக ரத்து செய்யலாமே என்று மூன்று ஓட்டல்களில் அறையைப் பிடித்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பத்து அறை வைத்திருக்கும் லாட்ஜுக்கு ஓர் அறை வீணாவது அன்றைய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு.

நீங்களே பிறகு கட்டும்போது

சென்னைக் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாலிலோ பொருட்காட்சியிலோ பெட்ரோல் பங்க்கிலோ ஒரு சீட்டைக் கொடுத்துப் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்வார்கள். குலுக்கல் என்பார்கள். ஒரு வாரத்தில் அழைப்பு வரும்: "சார், வாழ்த்துகள்! உங்களுக்கு ரெண்டு நைட் ஸ்டே இலவசமா விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மேடத்தையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்கங்க." இடம் ஏதாவது ஒரு நல்ல ஓட்டலின் கூட்ட அரங்கமாக இருக்கும்.

கணவன், மனைவி இருவரும் வர வேண்டும் என்று ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? ஒருவர் மட்டும் போனால் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிடலாம். இருவரும் இருந்தால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். சம்பளம் எவ்வளவு, கிரெடிட் கார்டு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வதும் இதற்காகத்தான். ஒரு மணி நேரம் என்று சொன்னது மூன்று மணி நேரமாகும். சத்தமாகப் பாட்டு ஓடும். யாராவது ஒரு மேசையில் கையெழுத்துப் போட்டால் எல்லாரும் கை தட்டுவார்கள். நீங்கள் வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டலுக்குச் செலவழிக்கிறீர்கள் என்று காகிதத்தில் எழுதி, இருபது வருஷத்துக்குப் பெருக்கிக் காட்டுவார்கள். பிறகு, வருஷாவருஷம் தங்கள் விடுதிகளில் தங்கலாம் என்ற விடுமுறைத் திட்டத்துக்கு உறுப்பினர் கட்டணம் சில லட்சங்களில் வரும். நீங்கள் தயங்கினால் மேலாளர் ஒருவர் வந்து இன்றைக்கு மட்டும் என்று விலையைக் குறைப்பார். மறுபடி தயங்கினால் மறுபடி குறையும்.

எல்லா விடுமுறை உறுப்பினர் திட்டமும் மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல இடங்களில் சொந்த விடுதிகள் வைத்து, வருஷாவருஷம் ஒழுங்காக இடம் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றிலும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உண்டு, நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும், அது ஏறிக்கொண்டும் போகும். அந்த மாலையில் உங்களுக்குக் கொடுக்கும் "இலவச" இரண்டு இரவுகளின் செலவு, உங்கள் மேசையிலோ பக்கத்து மேசையிலோ கையெழுத்துப் போட்டவரின் பணத்தில் இருந்துதான் வருகிறது.

என் சித்தப்பாவும் சித்தியும் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய், உறுதியாக மறுத்துவிட்டு, பரிசுச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கொடைக்கானலுக்குப் போகலாம் என்று ஆசை. சீட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் விதிகள். நாற்பத்தைந்து நாள் முன்பே தேதி கேட்க வேண்டும், மூன்று தேதி கொடுக்க வேண்டும், பள்ளி விடுமுறையும் வார இறுதியும் கிடையாது. அவர்கள் கேட்ட தேதிகள் ஒவ்வொன்றாக "நிரம்பிவிட்டது" என்று திரும்பி வந்தன. கெடுவும் முடிந்தது. சித்தி அதற்குள் ஸ்வெட்டர்கூட எடுத்து வெயிலில் காயப் போட்டு வைத்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

தேதி கிடைத்தவர்களுக்கு வேறு அனுபவம். அறை இலவசம்தான், ஆனால் உணவு அங்கேயே சாப்பிட வேண்டும் என்று விதி இருக்கும். நான்கு பேர் குடும்பம், தலைக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபாய், இரண்டு நாள் என்றால் 8,000. அதே ஊரில் 2,500 ரூபாய் அறையை இரண்டு இரவு எடுத்து, மீதி 3,000 ரூபாயில் நால்வரும் வெளியே சாப்பிட்டுவிட முடியும். இதற்கு மேல் "பயன்பாட்டுக் கட்டணம்", "பதிவுக் கட்டணம்" என்று முன்பணம் கேட்டால் சீட்டைக் கிழித்துப் போடுவது நல்லது.

கூட்டத்துக்குப் போயே தீருவது என்றால் கிரெடிட் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒப்பந்தத்தின் முழுப் பிரதியைக் கொடுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று கேளுங்கள். கொடுக்க மறுக்கும் நிறுவனத்திடம் வாங்குவதற்கு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மனம் மாறினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்: ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் கால அவகாசம் எத்தனை நாள் என்று பார்த்து, அன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுத்துப்பூர்வமாக ரத்து செய்யுங்கள். போனில் சொல்வது போதாது. கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் உடனே புகார் எழுதுங்கள்.

யாருமே கொடுக்காதபோது

சில நேரம் இணையத்தில் விலையைப் பதிவேற்றுபவர் தவறாகத் தட்டிவிடுவார். 15,000 என்பது 150 ஆகிவிடும். மீதியை யாரும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை, அதனால் முடிவும் நிச்சயம் இல்லை. 2009இல் இத்தாலியில் வெனிஸுக்குப் பக்கத்தில் குவார்ட்டோ டி'அல்டினோ என்ற ஊரில் உள்ள கிரவுன் பிளாசா ஓட்டலின் அறைகள் இணையத்தில் ஓர் இரவு ஒரு சென்ட்டுக்கு வந்துவிட்டன. செய்தி பரவி, சுமார் 1,400 இரவுகள் பதிவாகின. ஓட்டல் அந்தப் பதிவுகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. பல தளங்களின் விதிகளில், வெளிப்படையான விலைப் பிழை என்றால் ரத்து செய்யலாம் என்று எழுதியிருக்கும். ஒரு தரப்பு மட்டும் செய்த தவறைக் காட்டி ஒப்பந்தத்தை முறித்துவிட முடியாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 22ஆவது பிரிவில் சொல்கிறதுதான். ஆனால் நீங்கள் டிக் போட்டு ஒப்புக்கொண்ட விதியும் அதே ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. ஆகவே இப்படி ஓர் அறை கிடைத்தால் பதிவு செய்துவிட்டுக் காத்திருங்கள். அதை நம்பி, திரும்பப் பெற முடியாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள்.

அறையே இல்லாமல் விலை மட்டும் இருப்பதும் உண்டு. ஓட்டல் பெயரில் போலி இணையதளம், தேடினால் போலி போன் நம்பர், அட்வான்ஸ் மட்டும் யூபிஐயில் அனுப்புங்கள் என்பார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி உங்களைப் பின் நம்பர் அடிக்கச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

சென்னையில் சலுகை அறை எடுப்பவர்களுக்கு

தென் மாவட்டங்களில் இருந்து வரும் ராத்திரி ரயில்கள் விடியற்காலையில் நம்மை இறக்கிவிடும். பழைய லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மறுநாள் ஆறு மணி வரை அறை உங்களுடையது. செயலியில் எடுத்த சலுகை அறைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் கதவு திறக்கும். ஆறு மணிக்கே வேண்டும் என்றால் தனிக் கட்டணம், சில இடங்களில் அரை நாள் வாடகை. 339 ரூபாய் அறைக்கு முன்கூட்டிய நுழைவுக்கு 600 ரூபாய் கட்டுவதைவிட, உறுதியான டிக்கெட் வைத்திருப்பவர்கள் ரயில் நிலையத்தின் ஓய்வறையைச் சில மணி நேரத்துக்கு ஐஆர்சிடிசி வழியாக எடுத்துக் குளித்துவிட்டுக் கிளம்பலாம்.

இன்னொன்று, முகவரி. சென்னை முகவரியுள்ள ஆதாரைக் காட்டினால் உள்ளூர்க்காரர்களுக்கு அறை இல்லை என்று பல சின்ன ஓட்டல்கள் மறுக்கின்றன. வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், இரண்டு நாள் வெளியே தங்கலாம் என்று தாம்பரத்துக்காரர் தி.நகரில் சலுகை அறை எடுத்தால் இந்தச் சிக்கல் வரும். பதிவு விதிகளில் உள்ளூர் அடையாள அட்டை ஏற்கப்படும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ஓட்டலுக்கே ஒரு போன் செய்து, பதிவு எண்ணைச் சொல்லி, "இந்தப் பதிவு உங்ககிட்ட வந்திருக்கா? இந்த ரேட்டுக்கே தர்றீங்களா? கையில வேற ஏதாவது கட்டணுமா?" என்று கேட்டுவிடுங்கள். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சங்கடங்களில் முக்கால்வாசி அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படியும் ஏமாற்றப்பட்டால் விட்டுவிட வேண்டாம். சொன்ன விலையில் கொடுக்கும் வாய்ப்பே இல்லாமல் ஆசை காட்டி விளம்பரம் செய்வதை 2022ஆம் ஆண்டின் விளம்பர நெறிமுறைகள் தடுக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விளம்பரத்தின் படம், பதிவு உறுதிச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, ஓட்டலில் கட்டிய பில், இந்த நான்கும் கையில் இருந்தால் போதும். ஓட்டல் கோவாவில் இருந்தாலும் கோலாகலமாக விளம்பரம் செய்த நிறுவனம் குருகிராமில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, சென்னையிலேயே, வழக்குப் போடலாம்.